கண் லேசருக்குப் பூட்டிய கறுப்புக் குழாய்

பொலிஸ் நிலையம், மன்னார். 2025 யூன் மாதம் 16 ஆம் திகதி, திங்கட்கிழமை, முற்பகல் 10.20 மணி. முறைப்பாட்டில் பெயர் குறிப்பிடப்பட்டவர் தானாகவே நிலையத்துக்கு வந்து தமிழில் சொல்ல, தமிழில் பதியப்படுகிறது.

பெயர்: சவரிமுத்து றெனால்ட். வயது: 51. மதம்: கத்தோலிக்கம். முகவரி: கோயிலடி, ஓலைத்தொடுவாய், மன்னார். கல்வி: சாதாரண தரம், இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அதே பாடங்களில் தவறியது. தொழில்: சுழியோடிகளின் சிலிண்டருக்குக் காற்று நிரப்பி மணந்து கொடுத்தல், சிலிண்டர் வால்வு திருத்துதல்.

மன்னார் ரவுணில் உள்ள ஒளிவிழி கண் நிலையத்தின் நிர்வாகி றோய் என்பவர், இம்மாதம் 14 ஆம் திகதி நான் அவர்களுடைய லேசர் மிசினைப் பழுதாக்கி, அதன் பாகங்களைக் களவெடுத்துச் சென்றதாகக் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது பற்றி நான் சொல்வதாவது:

மேற்சொன்ன முகவரியில் மனைவி அன்ரோனெற், மகள் ஜெனுஷா ஆகியோருடன் வசிக்கிறேன். பத்தொன்பது வயதிலிருந்து சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடி வந்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இடது காதுச் சவ்வு கிழிந்ததால் கரையேறி, வீட்டு வளவில் கொட்டில் ஒன்று போட்டு, சுழியோடுபவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கிறேன். இடது பக்கத்தில் நின்று யாராவது என்னைப் புகழ்ந்தால் எனக்குக் கேட்காது. இதுவரை அதனால் நட்டம் ஒன்றும் வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிரப்பிய சிலிண்டரைக் கொடுக்க முன்னர் அதன் வால்வை மயிரிழை அளவு திறந்து, ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்து மணந்து பார்க்க வேண்டும். கொம்பிறெசர் எண்ணெய் காற்றில் கலந்திருந்தால் மணம் காட்டிக்கொடுத்து விடும். எண்ணெய்க் காற்றோடு பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, ஆழத்துக்கு இறங்கினவன் ஏறி வரமாட்டான். மணக்காமல் கொடுத்த சிலிண்டரை ஓலைத்தொடுவாயில் ஒருவரும் முதுகில் கட்டமாட்டார்கள். இதை முதலில் எழுதச் சொல்வது, பின்னால் நடந்த முட்டாள்தனம் எங்கிருந்து வந்தது என்று விளங்குவதற்காக.

யூன் மாதம் 2 ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் மேற்படி றோய் காரில் என் கொட்டிலுக்கு வந்தார். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. கை குலுக்க முன்னும் பின்னும் சிறு போத்தலிலிருந்து கிருமி கொல்லும் வாசனை மருந்து எடுத்துத் தன் கையில் பூசிக்கொண்டார். அதை நான் சுத்தம் என்று நினைத்தேன். அவர் சொன்னதாவது: “அண்ணை, கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கிற மிசின் ஒண்டு எடுத்திருக்கிறம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பாவிச்சுக் கழிச்சது, ஆனா நல்ல சாமான். வரேக்க காஸ் பைப்பும் அதின்ர றெகுலேற்றரும் நசிஞ்சு போச்சு. கொழும்பால ஆள் வர ஒரு மாசம் செல்லுமாம். நீங்கள் கடலுக்கடியில ஆக்களை உயிரோட வைச்சிருக்கிற ஆள். சிலிண்டர் எண்டா எல்லாம் சிலிண்டர்தானே?”

“ஓம், சிலிண்டர் எண்டா சிலிண்டர்தான்” என்று நான் சொன்னேன். இந்த வசனத்தைச் சொன்னது நானேதான். இதைக் கொட்டை எழுத்தில் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதன் பிறகு கூலி பற்றிக் கேட்டார். கூலி வேண்டாம், என் மகளின் கண்ணைச் செய்து தாருங்கள் என்றேன். மகள் ஜெனுஷாவுக்கு வயது 24. இரசாயனம் படித்தவள். கண்ணாடியைக் கழற்றினால் தன் கைவிரலை எண்ணுவதற்கும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியவள். கடலடி ஆய்வுக்குச் சுழியோடும் அரசாங்க வேலை ஒன்றுக்குத் தெரிவாகி, கண் பரிசோதனையில் மாத்திரம் தள்ளப்பட்டவள். மறு பரிசோதனை ஓகஸ்ட் மாதம். றோய் உடனே சம்மதித்து, 14 ஆம் திகதி சனிக்கிழமை கொழும்பிலிருந்து வைத்தியர் வருவார், முதல் ஆறு பேரில் உங்கள் மகளும் ஒருவர் என்றார்.

அடுத்த நாள் 3 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குறடும் சாவியும் வைக்கும் என் ஆயுதப் பெட்டியோடு கண் நிலையத்துக்குப் போனேன். மிசின் ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தது. அதன் பக்கத்தில் இரும்பு அலுமாரிக்குள் முழங்கால் உயரச் சிலிண்டர் ஒன்று. அலுமாரிக்குள் கசியும் காஸ் வெளியே போக வேண்டிய குழாய், மேலே சீலிங் பலகைக்குள் போய், அங்கேயே முடிந்திருந்தது. சிலிண்டரில் ஆங்கிலத்தில் நிறைய எழுதி, மண்டையோட்டுப் படமும் ஒட்டியிருந்தது. நான் படத்தைப் பார்த்தேன், எழுத்தை வாசிக்கவில்லை.

அதன் பிறகு, வெல்டிங் வேலைக்கு நான் வைத்திருந்த பித்தளை றெகுலேற்றரை எடுத்து, அந்தச் சிலிண்டரின் வாய்க்குப் பொருந்தப் பித்தளையில் ஒரு மூட்டுக் கடைந்து பூட்டி, அங்கிருந்து மிசின் வரைக்கும் சுழியோடிகளுக்குப் பாவிக்கும் கறுப்பு றப்பர் குழாயை இழுத்து, ஒவ்வொரு மூட்டு வளையத்துக்கும் கிறீஸ் தாராளமாகப் பூசி இறுக்கினேன். என் சாமான் மாறிப் போகாமல் இருக்க அரத்தால் மூன்று வெட்டுப் போடுவது என் வழக்கம். அந்த றெகுலேற்றரிலும் மூன்று வெட்டு உண்டு. சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகத் துப்புரவான பிழை அது.

அதன் பிறகு மணந்து பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. மூட்டை இளக்கி, வால்வை மயிரிழை திறந்து, வழக்கம் போல ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். குளோரினையும் கொச்சி மிளகாயையும் சேர்த்தரைத்து ஊசியில் ஏற்றி மூக்குத் தண்டில் குத்தினது போல இருந்தது. வால்வை மூடியது மாத்திரம் நினைவிருக்கிறது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர், பிறகு மூக்கிலிருந்து இரத்தம். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த சபூரா என்ற தாதி ஓடி வந்து, என் தலையைக் குழாயடியில் பிடித்துக் கழுவினார்.

“அண்ணன், என்னத்த மணந்து பார்த்தீங்க? மேல மண்டையோடு போட்டிருக்கே!”

“அது இரவல் கேட்க வேண்டாம் எண்டு ஒட்டினதாக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை.”

றோய் கதவடியில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது பல்லில் இரத்தம் இருந்ததாகச் சபூரா பின்னர் சொன்னார்.

4 ஆம் திகதி புதன்கிழமை காலை இரண்டு சிலிண்டர் நிரப்பி வழக்கம் போல மணந்தேன். ஒரு மணமும் இல்லை. நல்ல காற்று என்று கொடுத்துவிட்டேன். பக்கத்து வளவில் கடலட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்துக்கு ஊர் நாய்களே பாதை மாறிப் போகும். எனக்கு அதுவும் தெரியவில்லை. கொம்பிறெசர் எண்ணெயைக் கையில் ஊற்றி மணந்தேன், தண்ணீர் போல இருந்தது. உடனே கரைக்கு ஓடி, வள்ளம் தள்ள முன்னர் அந்த இரண்டு சிலிண்டரையும் திருப்பி வாங்கினேன். அன்றிலிருந்து கொட்டில் பூட்டியிருக்கிறது. சாப்பாடு வாய்க்குள் செப்புக் காசு கிடப்பது போல இருக்கிறது. மனைவி சொன்னது, “இருபத்தாறு வருசமா என்ர கறியில குறை பிடிச்ச மனிசன், இப்பதான் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுது.”

5 ஆம் திகதி வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு றோய் போனில் அழைத்தார். மிசினுக்குக் காஸ் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளிச்சம் சோர்ந்து போகிறது, எங்கேயோ ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். ஒழுக்கு இல்லை. அதன் பிறகு வால்வை மூடி, கொஞ்ச நேரம் விட்டு, வாயையும் மூக்கையும் ஈரத் துணியால் கட்டிக்கொண்டு குழாயைக் கழற்றி நீளப்பாட்டுக்கு வெட்டிப் பார்த்தேன். உட்பக்கம் வெடித்து, பொருக்காகி, விரல் பட்ட இடத்தில் பிசின் போல ஒட்டியது. நான் பூசிய கிறீஸ் திரைந்த பால் போலக் கட்டி கட்டியாக இருந்தது. பித்தளை மூட்டில் பச்சையும் வெள்ளையுமாக ஊத்தை. மூன்று நாள் வெயிலில் கிடந்த கணவாயின் வயிற்றைக் கிழித்திருக்கிறேன். அதைப் பார்த்து வராத குமட்டல் இதைப் பார்த்து வந்தது. கணவாய் செத்து அழுகியது. இது நான் இரண்டு நாளைக்கு முன் கழுவித் துடைத்துப் பூட்டியது.

அந்தத் துண்டை றோயின் மேசைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மீன் வைத்த மாலுபாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடதாசித் துண்டால் அதைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அதே கையால் மாலுபாணை எடுத்து மிச்சத்தையும் சாப்பிட்டார். “புதுக் குழாய் போட்டா சரிதானே அண்ணை?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, துண்டைப் பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் போட்டு மூடி, சிலிண்டரில் ஒட்டியிருந்ததைப் போனில் படமெடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அன்று பின்னேரம் ஐந்து மணியளவில் மகளிடம் படத்தைக் காட்டினேன். மகள் போனைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள்.

“அப்பா, இதில ஆர்கன், நியோன், அதோட கொஞ்சம் புளோரின். நூறு பங்கில கால் பங்குகூட இல்லை. ஆனா அந்தக் கொஞ்சம் இல்லாட்டி அந்த வெளிச்சமே வராது.”

“கால் பங்கு என்ன செய்யப்போகுது?”

“எதைக் கண்டாலும் சாப்பிடும். றப்பர், எண்ணெய், கிறீஸ், ஈரம், எல்லாம். நிக்கல், நல்ல ஸ்ரீல், அப்பிடி ஒண்டிரண்டுதான் தாங்கும். அதுகளையும் சும்மா பூட்டேலாது. கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைச்சு, இந்தக் காஸைக் கொஞ்சங் கொஞ்சமா ஊட்ட வேணும். முதல்ல கடிக்கும். கடிச்ச இடத்தில மெல்லிசா ஒரு தோல் படியும். தோல் படிஞ்சாப் பிறகு கடிக்காது.”

“உன்ர அம்மாவும் நானும் அப்பிடித்தான் பிள்ளை.”

மகள் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடி, கையைக் கழுவப் போனாள். திரும்பி வந்து சொன்னதாவது: காஸ் சாப்பிட்ட றப்பரும் கிறீஸும் இல்லாமல் போவதில்லை, ஊத்தைக் காற்றாக மாறி மிசினுக்குள் போகிறது. அங்கே வெளிச்சம் வெளியே வரும் கண்ணாடியில் புகை போலப் படிகிறது. அதனால்தான் வெளிச்சம் சோர்கிறது. சோர்வது மாத்திரம் என்றால் பரவாயில்லை, ஒரு இடத்தில் கூடவும் ஒரு இடத்தில் குறையவும் விழும். அந்த வெளிச்சம்தான் கண்ணின் மேல்பக்கத்தை மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவது.

“சீவுளியில பல்லு உடைஞ்சா பலகை எப்பிடி வரும், அப்பா? பலகையை மாத்தலாம்.”

அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, “நீங்கள் இதை மணந்தனீங்களோ?” என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். அன்று மாலையே என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூக்கின் உட்தோல் வெந்திருப்பதாகவும், மணம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்றும் சொன்னார்கள். டப்பாவில் போட்ட அந்தக் குழாய்த் துண்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

6 ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை றோயிடம் போய், நான் பூட்டியது பிழை, நான் பூட்டிய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், தெரிந்தவர் வந்து மிசினின் உட்பக்கத்தையும் சுத்தம் செய்யும்வரை அதை ஒருவரின் கண்ணுக்கும் பிடிக்கக்கூடாது என்று, மகள் சொல்லித் தந்த ஒழுங்கிலேயே சொன்னேன். றோய் என் தோளில் கை வைத்து, “அண்ணை, உங்கட நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. கொழும்பு இன்ஜினியரை அவசரமாக் கூப்பிடுறன். நீங்கள் இனி இதைப் பற்றி யோசியாதேங்கோ” என்றார். நான் கதவைத் தாண்ட முன்னரே அந்தக் கைக்கு வாசனை மருந்து பூசினார்.

12 ஆம் திகதி வியாழக்கிழமை பிற்பகல் அவரே போன் எடுத்து, இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் ஸ்ரீலுக்கு மாற்றிவிட்டார், நீங்கள் கண்டால் ஆசைப்படுவீர்கள், அப்படிப் பளபளக்கிறது என்றார். நான் நம்பினேன். மகள் மாத்திரம், “நிக்கலோ, ஸ்ரீலோ?” என்று கேட்டாள். “ஏதோ பளபளப்பானதாம்” என்றேன். ஓகஸ்ட் மாதப் பரிசோதனையை நினைத்து அவளும் மேலே கேட்கவில்லை.

14 ஆம் திகதி சனிக்கிழமை காலை ஏழரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கண் நிலையத்துக்குப் போனேன். தலைமன்னாரிலிருந்து ஒரு தாயும் மகனும், வவுனியாவிலிருந்து இருவர், வேறு இருவர் என்று கதிரைகளில் இருந்தார்கள். பெயர்ப் பட்டியலில் மகளின் பெயர் மூன்றாவதாக இருந்தது. எட்டு மணிக்கு அதை வெட்டி முதலாவதாக எழுதினார்கள். சபூரா மகளின் கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்து, வலி தெரியாமல் இருக்க இரண்டு கண்ணிலும் விறைப்பு மருந்து விட்டு, தலைக்குப் பச்சைத் தொப்பி போட்டார்.

இன்ஜினியரின் வேலையைப் பார்க்க எனக்கு ஆசை. தொழில் வியாதி. சபூராவிடம் அலுமாரியை ஒருக்கால் திறந்து காட்டச் சொன்னேன். அவர் என்னைக் கூட்டிப்போய்த் திறந்தார். உள்ளே குழாய் பளபளத்தது உண்மை. கிட்டப் போய் நகத்தால் சுரண்டினேன். அது சமையலறையில் இறைச்சி சுற்றும் வெள்ளித் தாள். அதன் கீழே கறுப்பு றப்பர் குழாய், புதிதாக வாங்கிப் பூட்டியது. மேலே றெகுலேற்றர், அரத்தால் போட்ட மூன்று வெட்டோடு. என்னுடையது.

நான் சபூராவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னதாவது: “காலையில ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு வெளிச்சத்த அடிச்சுப் பார்க்கணும் அண்ணன். வட்டம் ஒழுங்கா விழுந்தாத்தான் கண்ணுக்கு அடிக்கலாம். இந்தக் கிழமை முழுக்க அடிச்ச ஒரு தட்டிலயும் வட்டம் ஒழுங்கா இல்ல, அரிச்ச மாதிரிக் கிடக்கு. டொக்டர்ட மேசையில இருக்கிறது மிசினோட லாச்சிக்குள்ள வந்த பழைய தட்டு. வேற பாஷையில திகதி எழுதியிருந்துச்சு. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி போட்டு அழிக்கச் சொன்னாரு. அழிச்சது நான்தான்.”

அதன் பிறகு நான் றோயிடம் போனேன். நடைபாதையில் நின்றார். வெள்ளித் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, நட்பாகவே பதில் சொன்னார்: “அண்ணை, மிசின் வேலை செய்யுது. ஒவ்வொரு ஆளுக்கு முதலும் புதுசாக் காஸ் ஏத்தினாச் சரி. நீங்கள் ஆக்களைப் பயப்படுத்திப் போடுவீங்கள் எண்டுதான் உங்கட பிள்ளையை முதலாவதாப் போட்டனான். பூட்டின ஆளின்ர மகளே படுக்கிறா எண்டா மற்றவைக்கு என்ன பயம்?”

இந்த வார்த்தைகள் அவர் சொன்னபடியே. இதைச் சொல்லும்போது அவர் என் சட்டைக் கொலரில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துவிட்டார். அவர் விரல் பட்ட இடத்தை வீட்டுக்குப் போய் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அதன் பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த வைத்தியர் பார்த்தீபனின் கதவைத் தட்டினேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கறுப்புக் குழாய், கிறீஸ், புளோரின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையை நிமிர்த்திப் பிடித்தபடி மேசையிலிருந்த தட்டைக் கண்ணால் காட்டி, “தட்டு நல்லா இருக்கே. நீங்கள் ஆர், ரெக்னீசியனா?” என்று கேட்டார். சுழியோடி என்றேன். “அப்ப வெளியில இருங்கோ” என்றார். சபூரா பின்னால் நின்றார், பேசவில்லை. அவருக்கு அந்த வேலை வேண்டும். நான் குற்றம் சொல்லவில்லை.

அந்நேரம் மகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். மிசினின் கை அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றது.

ஏன் முதலில் பொலிசுக்கு வரவில்லை என்று கேட்கப்பட்டதற்கு நான் சொல்வது: அவள் கண்ணில் மருந்து விட்டாகிவிட்டது. பொலிஸ் நிலையம் ஒரு மைல் தூரம். மிசினின் கை ஒரு சாண்.

அதன் பிறகு நான் அறைக்குள் போய், “எல்லாரும் வெளியில போங்கோ, காஸ் கழட்டப்போறன்” என்று சத்தமாகச் சொல்லி, சிலிண்டர் வால்வை முதலில் இறுக மூடினேன். அந்த ஒரு நல்ல பழக்கமாவது என்னிடம் இருந்தது. மகளைத் தூக்கி நிறுத்திச் சபூராவிடம் கொடுத்தேன். பிறகு நெஞ்சு நிறையக் காற்றை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை இளக்கினேன். குழாயில் மிச்சமிருந்த காஸ் சீறி வந்தது. கண் எரிந்தது. மூச்சு எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் மூச்சுப் பிடிக்க எனக்கு இன்னும் முடியும்; அந்தப் பயிற்சி கடலில் பாதி, மனைவியிடம் பேச்சு வாங்கும்போது பாதி. றெகுலேற்றரையும் குழாயையும் வெள்ளித் தாளோடு கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மிசின் கத்திக்கொண்டிருந்தது. கதவை மூடினேன்.

முதலில் வெளியே ஓடியவர் வைத்தியர். இரண்டாவது றோய், போனோடு. நோயாளிகள் தாமாக எழும்பி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மகள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். “அப்பா, என்ன இப்பிடி மணக்குது?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை.

முற்றத்தில் தலைமன்னார்த் தாய், எத்தனை மாதம் காத்திருந்து வந்தோம், நாசமாப் போவான் என்று என்னைத் திட்டினார். நியாயம். அப்போது வைத்தியர் சபூராவிடம், “அந்தத் தட்டு எப்ப அடிச்சது?” என்று கேட்டார். சபூரா றோயைப் பார்த்தார், அதன் பிறகு பச்சைத் தொப்பியோடு நின்ற என் மகளைப் பார்த்தார். “அது இந்த மிசின்ல இங்க அடிச்சதே இல்ல, டொக்டர்” என்றார். எல்லாருக்கும் கேட்டது. என் இடது காதுக்கும் கேட்டது.

வைத்தியர் கையுறைகளைக் கழற்றி வேலியோரம் எறிந்துவிட்டு, ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போனார். நான் றோயை விட அவரைத்தான் அதிகம் நினைக்கிறேன். றோய்க்கு வெட்கம் இல்லை, அது ஒரு நோய் என்று வைத்துக்கொள்ளலாம். இவருக்கு விளங்கியது. விளங்கியபடியால்தான் கையுறையைக் கழற்றினார். அந்த ஆறு பேரிடம், போங்கள், இன்றைக்கு இல்லை என்று சொல்லும் அளவுக்காவது அவர் நின்றிருக்கலாம்.

களவு பற்றிக் கேட்கப்பட்டதற்கு: றெகுலேற்றர் என்னுடையது, மூன்று வெட்டு உண்டு. பித்தளை மூட்டு நான் கடைந்தது. புதுக் குழாயும் வெள்ளித் தாளும் என்னுடையவை அல்ல. அவற்றைக் களவெடுத்ததாக எழுதுவதானால் எழுதலாம். எல்லாம் இத்துடன் ஒப்படைக்கிறேன். மிசின் பழுதானது பற்றிக் கேட்கப்பட்டதற்கு: ஆம், நான்தான் பழுதாக்கினேன். ஆனால் 14 ஆம் திகதி அல்ல, 3 ஆம் திகதி. கறுப்புக் குழாயையும் கிறீஸையும் பூட்டிய அன்று. திகதியைத் திருத்தி எழுதினால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அந்த மிசினுக்கு வேறு யாராவது இன்னொரு குழாய் பூட்ட முன்னர் அந்த அறையைப் பூட்டி முத்திரையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, ரவுணில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னை மறித்து, கண் நிலையத்தில் காஸ் வேலை ஒன்றுக்கு வரச் சொல்கிறார்கள், எப்படி மச்சான், சுகமான வேலையா என்று கேட்டார். சிலிண்டர் என்றால் எல்லாம் சிலிண்டர்தானே என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, பதியும் உத்தியோகத்தர் ஐஸ்கிறீம் டப்பாவைச் சான்றுப்பொருளாக எடுப்பதற்காகத் திறந்து, உடனே மூடி, எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். காலையிலிருந்து இதை எப்படி மடியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றேன். அதைத் தனியாக எழுதிக்கொண்டார். டப்பாவைச் சாப்பாட்டுப் பார்சல் வைக்கும் மேசையில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுதி முடிந்த பிறகு உத்தியோகத்தர் ஒரு தரம் வாசித்தார். அவர் எனக்கு இடது பக்கம் இருந்தபடியால், அவருடைய அனுமதியோடு, என்னோடு நிலையத்துக்கு வந்திருந்த என் மகள் ஜெனுஷா தன் தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது பக்கம் நின்று இன்னொரு தரம் முழுவதையும் உரக்க வாசித்தாள். அவளுடைய இரண்டு கண்ணும் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கின்றன. அவள் வாசிக்கக் கேட்டு, ஒரே ஒரு திருத்தம் செய்யச் சொன்னேன். மேலே தொழில் என்ற இடத்தில் “மணந்து” என்ற சொல்லை வெட்டினேன். “நிரப்பி” என்பதும் அது இல்லாமல் நிற்காது என்று உத்தியோகத்தர் சொன்னார். அதையும் வெட்டினேன். வெட்டிய இடங்களில் என் சிறு கையொப்பம் உண்டு.

இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும் மாத்திரமே. யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை, யாரும் பயமுறுத்திச் சொல்லவில்லை. உண்மையென்று அறிந்து கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. றெனால்ட்
2025.06.16, பிற்பகல் 1.05